துப்பட்டாவில் பாதிப் பூ

கம்ப்யூட்டர் மூன்று முறை நீளமாகக் கத்திவிட்டுத் திரை இருண்டபோது, ஷமாவின் கல்யாணத் துப்பட்டா எம்பிராய்டரி மெஷினில் மாட்டியிருந்தது. நடுவில் வரும் பெரிய பூவுக்குப் பாதி இதழ்தான் விழுந்திருந்தது. நிக்காஹ் வெள்ளிக்கிழமை. அன்று திங்கள்.

என் மெஷின் பழசு. பதினைந்து வயதான அந்தக் கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசும்; புதிதாக எதைக் கொண்டுவந்து வைத்தாலும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மெமரிப் பட்டை, ரேம் என்பார்களே, அது உப்புக்காற்றில் பச்சை பூத்துச் செத்திருந்தது. ரப்பரால் தேய்த்தும் உயிர் வரவில்லை.

அந்தமான் தீவுகளில் ஒன்றான எங்கள் ஹட் பேயில் ஒரு பொருள் இல்லையென்றால் நாங்கள் பக்கத்து வீட்டைப் பார்க்க மாட்டோம், கடலைத்தான் பார்ப்போம். நானும் போர்ட் பிளேரில் கடை வைத்திருக்கும் அப்துல் வஹாப் பாயைப் போனில் பிடித்தேன்.

“டிடிஆர் டூ ரேம், பாய். டெஸ்க்டாப்புக்கு.”

“ஹோ ஜாயேகாம்மா, ஆயிடும், டென்ஷன் வேணாம். நாளைக்கு ஷிப்ல வர்றவங்ககிட்ட குடுத்து விடறேன்.”

செவ்வாய் மாலை கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் காத்து நின்று பொட்டலத்தை வாங்கினேன். வீட்டுக்கு வந்து சொருகினால் உட்காரவே இல்லை. பட்டையில் இருந்த வெட்டு, மதர்போர்டில் இருந்த மேட்டுக்குத் தள்ளி நின்றது. வந்திருந்தது டிடிஆர் த்ரீ, வேறு வகை. திட்டலாம் என்று போனை எடுத்தால், அந்த மனிதர் முந்திக்கொண்டார்.

“கவர் மாறிடுச்சும்மா, மாஃப் பண்ணு. அடுத்த ஷிப்ல சரியானதை அனுப்பறேன்.”

அடுத்த கப்பல், கடல் சரியில்லை என்று ரத்தானது. அதற்கடுத்தது சனிக்கிழமை.

இனி மறைக்க முடியாது. புதன் மதியம் ஷமாவின் அம்மா ஷாஹிதா அக்காவின் வீட்டுக்குப் போனேன். மகளுக்காகச் சென்னையிலிருந்து துணியை வரவழைத்து, என்னை நம்பிக் கொடுத்தவர். வாசலில் செருப்பைக் கழற்றியதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

ஷமாதான் முதலில் பேசினாள். “பாதிப் பூவோட போட்டுக்கிறேன் அரசிக்கா. யாரு எண்ணிப் பாக்கப் போறா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண்ணில் அந்தச் சிரிப்பு இல்லை. என்மீதே எனக்கு எரிச்சலாக வந்தது.

“எது செத்துப்போச்சு? சரியாச் சொல்லு” என்றார் ஷாஹிதா அக்கா.

கையோடு கொண்டுபோயிருந்த பழைய பட்டையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். மூலையில் இருந்த மிக்ஸியை இறக்கிவிட்டு, அதன் அடியில் விரித்திருந்த துணியை இழுத்தார். நான் முக்காலி என்று நினைத்திருந்தது, படுக்கவைத்த கம்ப்யூட்டர் பெட்டி.

“என் வீட்டுக்காரர், ஷமாவோட அத்தா, பிரவுசிங் சென்டர் வெச்சிருந்தப்ப வாங்கினது. அது பந்த் ஆகி, மூடி ஏழு வருஷமாச்சு. உள்ள இருக்கிறது ஆகுமான்னு பாரு.”

கத்தி முனையால் திருகாணியைக் கழற்றினேன். உள்ளே இரண்டு பட்டைகள், மாவுத் தூசி படிந்து. என்னுடையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெட்டு அதே இடத்தில் இருந்தது.

மூவருமாக என் வீட்டுக்கு ஓடினோம். சொருகியதும் டக்கென்று உட்கார்ந்தது. ஒரே ஒரு சின்ன பீப். திரையில் வெளிச்சம் வந்தது. மெஷின் வளையத்திலிருந்து துணியை நான் கழற்றாமலே வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. நின்ற தையல்வரை ஊசியை இறக்காமல் ஓட்டிவந்து பட்டனை அழுத்தினேன். விட்ட இடத்திலேயே ஊசி இறங்கியது. ஷமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இதழ் நிறைவதைப் பார்த்தாள்.

நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்பாடா என்ற அழுகை, அடக்கத் தோன்றவில்லை.

ஷாஹிதா அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “நீ ஜெட்டிக்கும் வீட்டுக்கும் நடக்கிறேன்னு ஊரே சொல்லிச்சு. நாலு வீடு தள்ளி நான் இருக்கேன். ஏண்டி வரல?”

“கல்யாண வீட்டுல வந்து எப்படிக்கா சொல்றது? உங்ககிட்ட இருக்கும்னும் தோணல.”

“பொருள் இல்லன்னே வெச்சுக்க. சேர்ந்து கவலப்பட நான் இல்லையா?”

அவர் முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டார்.