யானைக் கழுத்துப் பட்டி

விடியுமுன்பே குளிர்தேசத்து நகரொன்றின் லாசால் பகுதியில் இருந்த பட்டறையில் பசை நாற்றம் எழும்பிவிடும். சிசிலி தடித்த றப்பர்ப் பட்டியை மேசையில் இழுத்துப் போட்டு, உடம்பால் அழுத்திப் பிடித்துத் துளையிடுவாள். தோள்மூட்டு எரியும். கிழக்கு ஆபிரிக்காவின் பெரும் புல்வெளிப் பூங்காவொன்றில் யானைகளின் கழுத்தில் மாட்டும் பட்டிகள் அவை. பட்டியிலுள்ள கருவி யானை நிற்கும் இடத்தைச் சொல்லும். தந்தத்துக்காகச் சுடுகிறவர்களுக்கு முன்னே காவலர்கள் போய்ச் சேரலாம்.

இதையெல்லாம் சொன்னவள் பக்கத்து மேசையில் வேலை செய்யும், அந்தப் பக்கத்தவளான நீமா. அவளுடைய தம்பி அந்தப் பூங்காவில் காவலன். யானைகள் குடும்பத்தோடு முகம் வெட்டுண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழுவானாம்.

முதலாளி இரவிச்சந்திரன் அவசரப்படுத்தினார். சம்பளத்தைக் குறைத்தார். வேகம் போதாதென்று வெட்டும் மெசினில் கை வெட்டுப்படாமல் காக்கும் மறைப்பைக் கழற்றிவைத்தார். அந்த மெசினில் நின்ற மாக்கிரட்டின் இரண்டு விரல்கள் போயின. அம்புலன்ஸ் போனதும் இரத்தத்தை அவரே கழுவிவிட்டு, மெசினைப் போடச் சொன்னார்.

"மறைப்பைப் பூட்டுங்கோ அண்ணை," என்றாள் சிசிலி. அகதி வழக்கு முடியாதவள். வேலை போனால் பார்க் எக்ஸ்டென்ஷனில் வாடகைக்கு இருக்கும் அறையும் போய்விடும்.

"அங்கை யானை அழிஞ்சுகொண்டு இருக்கு. நீ விரலைப் பற்றிக் கதைக்கிறாய்."

பிறகு முதலாளி நீமாவிடம் திரும்பி, உன் தம்பி இந்தப் பட்டிகளுக்காகக் காத்திருக்கிறான், நீயாவது அந்த மெசினில் போய் நில் என்று ஆங்கிலத்தில் சொன்னார். என் தம்பியைக் கிழிந்த சப்பாத்தோடு காட்டுக்குள் அனுப்புகிறவர்களும் யானையைச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள் என்றாள் நீமா. தன் மேசையிலிருந்த மெசினை நிறுத்தினாள். மற்ற மெசின்களும் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் குளிர்ச்சட்டைகளை எடுத்தார்கள்.

"வெளியிலை போறவை நாளைக்கு வரத் தேவையில்லை," என்றார் முதலாளி.

வீடு திரும்பும் பஸ்ஸில் நீமா அழுதாள். பட்டி பிந்தினால் எத்தனை யானை சாகுமோ என்றாள். சிசிலி அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

மறுநாள் விடியலில் பனி கொட்டியது. வேலையை நிறுத்திய எல்லோரும் பட்டறை வாசலில் நின்றார்கள். முதலாளி ஒரு வான் வண்டியில் புது ஆட்களோடு வந்தார்; எல்லாம் தமிழ்ப் பெண்கள். இனி வழியில்லை என்று சிசிலிக்குப் பட்டது. ஆனாலும் போய் வண்டிக் கண்ணாடியைத் தட்டினாள்.

"அக்கா, உள்ளுக்கு நிக்கிற மெசின் நேற்று எங்கட பிள்ளையின்ரை ரெண்டு விரலை எடுத்தது. மறைப்புப் போடுமட்டும் நாங்கள் தொடமாட்டம். நீங்களும் தொடாதேங்கோ."

யாரும் அசையவில்லை. முதலாளி ஹோர்னை அடித்துக்கொண்டே இருந்தார். பிறகு பின்னாலிருந்த ஒருத்தி கதவைத் திறந்து இறங்கினாள். பட்டறைக்குள் போகாமல் வாசலில் நின்றவர்களிடம் வந்தாள். நீமா நகர்ந்து, சுவரோரம் காற்றுப் படாத இடத்தை அவளுக்கு விட்டாள்.