சுவர் பிளந்த வாரம்

அலெக்சாந்திரியாவில் ஒரு பதிப்பகத்தில் நான் பிழை திருத்துகிறேன். சமையல் புத்தகமோ மார்க்கப் புத்தகமோ, எழுத்துப் பிழையைத்தான் பார்ப்பேன்; விஷயத்துக்குள் போகமாட்டேன். அந்தக் குளிர்காலத்தில், கட்டடங்கள் எப்படி நிற்கின்றன, ஏன் விழுகின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்தகம் ஒன்று வந்தது.

படித்துக்கொண்டே போனவள் ஒரு படத்தில் நின்றுவிட்டேன். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் விரிசல். எங்கள் படுக்கையறையிலும் அப்படியே ஒன்று இருந்தது. குறுக்கே சாந்து அப்பிப் பாருங்கள், சுவர் அசைந்தால் சாந்து பிளக்கும் என்றது புத்தகம்.

அப்பினேன். "சுவருக்கு மருந்து போடுறியா, நஜ்வா?" என்று சிரித்தார் என் கணவர் ரிஃபாத்.

மறுநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தேன். சாந்து இரண்டாகப் பிளந்திருந்தது. கீழே ஹாஜி ஷுக்ரியின் பலகாரக் கடையிலிருந்து சம்மட்டிச் சத்தம்.

ஓடினேன். கடையை அகலமாக்க நடுச் சுவரைப் பாதி இடித்திருந்தார்கள்.

"ஹாஜி, மேல இருக்கிற அத்தனை மாடியும் இந்தச் சுவரு மேலதான் நிக்குது!"

"நம்ம தாத்தா காலத்துக் கட்டடம்மா. உன்னையும் என்னையும் பொதைச்சிட்டுத்தான் விழும்." சொல்லி வாய் மூடவில்லை, கூரையிலிருந்து ரவை ரவையாகச் சுண்ணாம்பு உதிர்ந்து பஸ்பூசா இனிப்புத் தட்டில் விழுந்தது. அவர் முகம் வெளுத்தது.

கதவு கதவாகத் தட்டினேன். கத்தினேனா அழுதேனா, தெரியாது.

"அடுப்புல பருப்பு இருக்குடி," என்றார் ரிஃபாத்.

"அணைச்சிட்டு வாங்க!"

மழையில், செருப்பும் போர்வையுமாக எல்லோரும் தெருவில் நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. முணுமுணுப்பு தொடங்கியது. மூன்றாம் மாடி உம்மு வஜ்தி, "பைத்தியக்காரி பேச்சைக் கேட்டு நனைஞ்சதுதான் மிச்சம்," என்று வாசலை நோக்கி நடந்தாள். அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். விழாமல் போனால் இந்தத் தெருவில் எப்படி நடமாடுவேன் என்றும் பயந்தேன். அப்படியொரு பயம்.

மரம் முறிவதுபோல் ஒரு சத்தம். கட்டடத்தின் பின்பக்கம், எங்கள் படுக்கையறையோடு சேர்ந்து, தூசியாக இறங்கியது. உம்மு வஜ்தி என் தோளில் முகம் புதைத்தாள். உள்ளே யாரும் இல்லை. ஹாஜி நடைபாதையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது நாத்தனார் வீட்டில் இருக்கிறோம். லாரி போய்த் தரை அதிர்ந்தால் எழுந்து விளக்கைப் போட்டுச் சுவரைத் தடவுகிறேன். ரிஃபாத் சிரிப்பதில்லை, கூடவே எழுந்து உட்காருகிறார். பழைய புத்தகக் கடையில் உத்திரங்களைப் பற்றி ஒன்று வாங்கியிருக்கிறேன். ஒரே கணக்கு, பாதி புரியவில்லை. கீழே வைக்கவும் மனம் வரவில்லை.