வெயிலுக்கு ஒரு சாட்சி

அண்ணன் செத்தது தார் போடும் வேலையில். உச்சி வெயிலில் ரோடு ரோலருக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது ஒரே சொல்: மாரடைப்பு.

தங்கைக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்லூரித் தோழர்கள் நாலு பேருடன் சேர்ந்து வழக்குப் போட்டாள். நிலக்கரிப் புகையால் வருஷா வருஷம் வெயில் ஏறுவது தெரிந்தும் மாவட்டத்தின் மூன்றாவது நிலக்கரி மின்நிலையத்துக்கு அரசு கொடுத்த அனுமதியை ரத்து செய்ய வேண்டும் என்பது மனு.

"யானை காதுல எறும்பு பூந்த மாதிரி பண்ணிடலாம்" என்று தோழன் ஒருவன் சிரித்தான். வாய்தா மேல் வாய்தா விழுந்ததில் அந்தச் சிரிப்பு ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை.

மூன்றாம் வருஷம் அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் போகும்போதே மகள் காதைக் கடித்தாள். "அண்ணன் குடிப்பானான்னு கேட்டா இல்லைன்னு சொல்லிடும்மா." அம்மா டிக்கெட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அரசு வக்கீல் குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். "உங்க பையன் குடிப்பாராம்மா?"

"சனிக்கிழமை குடிப்பானுங்கய்யா. செத்தது செவ்வாய்க்கிழமை."

"போதும்மா."

"எனக்குப் போதாதுங்கய்யா. ஆஸ்பத்திரியில தொட்டுப் பார்த்தேன். அடுப்புலேருந்து இறக்கின சட்டி மாதிரி உடம்பு சுட்டுச்சு."

நீதிபதி பேனாவை எடுத்தார். எழுதவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வெயில் எல்லோருக்கும் பொது, இவர்களுக்கென்று தனிப் பாதிப்பு இல்லை, மனு தள்ளுபடி. அண்ணனைப் பற்றி ஒரே வரி: குடிப்பழக்கம் உள்ளவர்.

நீதிமன்றப் படிக்கட்டில் மகள் வெடித்தாள். "ஒரு பொய் சொன்னா என்னம்மா குறைஞ்சுடும்?"

"அவன் குடிச்சதும் நிஜம், வெயில்ல செத்ததும் நிஜம். ஒண்ணை மறைச்சா இன்னொண்ணை யாருடி நம்புவாங்க?"

"இப்ப மட்டும் யாரு நம்பினாங்க?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது என்று மகளுக்கு உடனே பட்டது. ஆனால் சொன்ன சொல்லை அள்ள முடியுமா? பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை, இறுக்கிப் பிடிக்கவும் இல்லை.

மேல்முறையீட்டுக்குக் கையெழுத்துப் போட ஐந்து பேரில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். அவள் போட்டாள். அதற்குள் மின்நிலையத்தின் புகைபோக்கி பாதி உயரம் எழும்பியிருந்தது.