நோல்ஃபா அண்ணியின் தோட்டத்தில் கொட்டிய சரளை

1.

இந்தக் கதை எப்படி வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணனைத் திட்ட வாய் வராததால் வந்தது. திட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஐந்து வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஏப்ரல் பிறந்ததும் லொங்கோச்சேயில் நெட்டை மரங்களின் இலைகள் பொன்னிறமாகி, தோட்டங்கள் மெல்ல உறக்கத்தில்..."

அடித்துவிட்டேன். உறக்கமாவது மண்ணாங்கட்டியாவது! பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்கள் ஊரில் ஏப்ரல்தான் இலையுதிர்காலம்; அப்போது தோட்டக்காரிக்கு உட்கார நேரம் கிடையாது. பெரிய மழைக்குமுன் பூசணியைக் காம்போடு அறுத்துக் கூரைக்கடியில் ஏற்ற வேண்டும். கடைசித் தக்காளியைப் பச்சையாகவே பறித்துத் தாளில் சுற்ற வேண்டும். பூண்டுக்குப் பாத்தி கொத்த வேண்டும்.

இரண்டாம் தொடக்கம்: "என் அண்ணன் எலாடியோ நல்லவன்."

இதை அடிக்கவில்லை. அடிக்க முடிந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

2.

நோல்ஃபா அண்ணனின் மனைவி. வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டம் அவளுடையது. (பத்திரத்தில் அண்ணன் பெயர்தான் இருக்கிறது. பத்திரம் ஒரு நாள்கூடக் களை பறித்ததில்லை.) கல்யாணமாகி வந்தபோது ஒரு துணிப்பையில் சிவப்புப் புள்ளி போட்ட பீன்ஸ் விதை கொண்டுவந்தாள். இருபத்திரண்டு வருடமாக, நன்றாக வந்த மூன்று வரிசையைப் பறிக்காமல் செடியிலேயே காயவிட்டு, அடுத்த வருடத்துக்கு விதை எடுப்பாள்.

இந்த ஏப்ரலில் அவளுக்குப் பித்தப்பையில் கல். தெமூக்கோ ஆஸ்பத்திரியில் அறுவை. புண்ணில் சீழ் வைத்ததால் பதினொரு நாள் இருக்கவேண்டியதாயிற்று.

அதற்கு நடுவே ஒரு திங்கட்கிழமை பொக்லைன் சத்தம் கேட்டது. இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறேன். ஓடினேன். வேலி இல்லை, பாத்திகள் இல்லை. லாரியிலிருந்து சரளை சரிந்துகொண்டிருந்தது.

"அண்ணா, என்ன பண்றே?"

"உங்க அண்ணி வந்து பாக்கட்டும், அசந்துடுவா! இனிமே குனிய வேணாம், நிமிர வேணாம். வெயிட்டு தூக்கக் கூடாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நான் வண்டிய இங்க விட்டுக்குவேன். அவ பாட்டுக்கு ஜன்னல்கிட்ட உக்காந்து மாத்தே டீ குடிக்கட்டும்."

"விதைக்கு விட்டிருந்த பீன்ஸ்?"

"பீன்ஸ்தானே, கடையில கிடைக்காதா? இந்தா, ரெண்டு பூசணி எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டு போனேன். (மூன்று வரைவுகளில் இந்த வாக்கியத்தை விட்டுவிட்டிருந்தேன்.) சாயங்காலம் மழை பிடித்தது. பூசணியை வேகவைத்து மாவோடு பிசைந்து சோபைபியா பொரித்துத் தின்றேன். ருசியாகவே இருந்தது.

3.

எந்தப் பாத்திரத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை என்று கேட்டால், "நான்" என்ற பாத்திரத்தின் மேல்தான்.

மறுநாள் செவ்வாய். பேரிக்காய் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"ஒத்தீலியா, மழை வந்திருச்சே. பீன்ஸ் காஞ்சிருச்சா? நீயாவது நெத்தைப் பறிச்சு உள்ள வச்சிடேன்."

"எல்லாம் நல்லா இருக்கு அண்ணி. நீங்க நிம்மதியா படுங்க."

(நோயாளியைக் கலங்கடிக்க மனம் வரவில்லை என்று ஒரு வரைவில் எழுதினேன். பொய். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.)

4.

சனிக்கிழமை வீடு வந்தாள். நானும் போயிருந்தேன். சமையலறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். அண்ணன் பின்னால் பல்லெல்லாம் தெரிய நின்றான்.

"அண்ணி மெல்லச் சிரித்து, அவன் அன்பைப் புரிந்து..." — இதை எழுதிய கையை அடுப்பில் வைக்கலாம்.

"என் தோட்டம் எங்க?"

"உனக்காகத்தான் நோல்ஃபா. உன் முதுகு..."

"என் முதுகு வலிச்சா நான் சொல்ல மாட்டேனா? எனக்கு வாய் இல்லையா? உன் வண்டிக்கு இடம் வேணும்னா வேணும்னு கேளு. அதை என் முதுகு மேல ஏத்தாத!"

இருபத்திரண்டு வருடம் 'நீங்க' என்று அழைத்தவள். அண்ணன் அதிர்ந்துபோனது அந்த 'உன்'னுக்குத்தான், தோட்டத்துக்கு அல்ல.

என் பக்கம் திரும்பினாள். "நீ எப்பப் பாத்தே?"

இங்கே இரண்டு முடிவுகள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றில் "இன்னிக்குத்தான்" என்று பொய் சொல்கிறேன், அவள் என் தோளில் சாய்ந்து அழுகிறாள். இன்னொன்றில் உண்மையைச் சொல்கிறேன், அவள் மன்னித்துவிடுகிறாள். நடந்தது இது:

"திங்கக்கிழமை, அண்ணி."

"செவ்வாய்க்கிழமை பேரிக்காய் கொண்டுவந்தியே."

"ஆமா."

"அவன் புத்தி கெட்டுப் பண்ணினான். நீ தெரிஞ்சு பண்ணினே."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சரளையில் இறங்கினாள். அண்ணன் பிடுங்கினான்.

"தையல் பிரிஞ்சிரும்!"

"அப்ப நீ தோண்டு."

அவன் தோண்டவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய், நல்லது செய்யப்போய் ஏச்சு வாங்கினதை ஊரெல்லாம் சொன்னான். ஊரும் "பாவம் எலாடியோ" என்றது. பாவமாம்! அந்த ஒரு சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போதும் காது கொதிக்கிறது.

நான் தோண்டினேன். தள்ளுவண்டியில் அள்ளி அள்ளித் தெருவோரம் கொட்டினேன். பத்தொன்பது நாள். அடியில் மண், லாரிச் சக்கரம் ஏறிச் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. ஒரு பிடி நெத்து கிடைத்தது. கழுவி எடுத்துப்போய்க் கதவைத் தட்டினேன். அண்ணி உள்ளங்கையில் வாங்கி, ஒன்றை நகத்தால் பிளந்து பார்த்தாள்.

"அழுகிருச்சு" என்றாள். கதவைச் சாத்தினாள்.

5.

இன்று மே பதினேழு. பூண்டு ஊன்ற இந்த மாதம்தான் மிச்சம். ஒரே வீட்டில் இருந்தும் அண்ணனோடு அவளுக்குப் பேச்சில்லை. நான் எழுதுவது தெரிந்து அவன் வந்து கேட்கிறான்: "அவ மன்னிச்சிட்டான்னு எழுதிடேன். படிச்சா மனசு மாறுவா இல்ல?"

உங்களுக்கும் அந்த ஆசை இருக்கும். சரளைக்கு நடுவே ஒரு பச்சைத் துளிர். நானும் எழுதிப் பார்த்தேன், அழகாக வந்தது. கிழித்தேன். அவள் இல்லாத நேரத்தில், அவளைக் கேட்காமல், அவள் நல்லதுக்கென்று அண்ணன் ஒரு லாரி கொட்டினான். நானும் இந்தத் தாளில் அதையே கொட்ட வேண்டுமா?

மாட்டேன். நீங்களும் கொட்டாதீர்கள். முடிவு தெரிந்தே ஆகவேண்டும் என்றால் லொங்கோச்சேக்கு வந்து அவள் கதவைத் தட்டிக் கேளுங்கள். திறப்பாளா என்று சொல்ல முடியாது. அந்த நெத்தைக் கொடுத்த நாளிலிருந்து எனக்குத் திறக்கவில்லை.