மணி ஏழு இருபத்தைந்து

1

இந்தக் கதை ஒரு மின்னஞ்சலில் இருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எழுதியவன் சர்ஃபராஸ். பழவேற்காட்டுக்காரன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தகடு அடிக்கும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். மின்னஞ்சல் எனக்கு வந்ததல்ல, அவன் காட்டியது. கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கைச் சரிசெய்ய எல்லோரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் ஒரு ரிப்பேர் புரோகிராம் உண்டு. அதை எழுதி வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அவன் அனுப்பியது. உங்கள் புரோகிராமில் இரண்டு பிழைகள் இருக்கின்றன, இதோ பதினோரு வரியில் திருத்தம் என்று எழுதியிருந்தான். கடைசி வரி மட்டும் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதாக இல்லை: 'இந்தப் பிழையால் எங்கள் கம்பெனியில் ஒரு பெண் வேலைக்கு வந்த நேரம் அழிந்துபோனது.'

அந்த வரியைப் படித்ததும் கதை எழுத உட்கார்ந்தேன். இப்படித்தான் ஆரம்பித்தேன்:

2008 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, போன கரண்ட் காலை ஏழு இருபத்தைந்துக்குத் திரும்பி வந்தபோது கன்னியம்மா

[நிறுத்திவிட்டேன். மணி தப்பு. கரண்ட் வந்தது எட்டு இருபதுக்கு. ஏழு இருபத்தைந்து என்று சொன்னது கம்பெனி கேட்டில் இருந்த கம்ப்யூட்டர்.]

2

கன்னியம்மா ஒப்பந்தத் தொழிலாளி. டிக்கெட் நம்பர் 417. அம்மா காலம்வரை கழனி வேலை. இவள் காலத்தில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வேலை. அன்று எட்டு மணிக்குக் கரண்ட் போனது. பிரஸ்ஸில் சிக்கியிருந்த தகட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டாள். எட்டு இருபதுக்குக் கரண்ட் வந்தது. பிரஸ் இறங்கியது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

[இங்கே ரத்தத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதி அடித்துவிட்டேன். நேரில் பார்க்காததை எழுதினால் சினிமா ஆகிவிடுகிறது.]

அவள் அன்றைக்கு டூட்டியிலேயே இல்லை என்றார் கான்டிராக்டர். உள்ளே வேலை பார்க்கும் தங்கையைப் பார்க்க வந்தவள், வேண்டாத இடத்தில் கையை விட்டாள் என்றார். வருகைப் பட்டியலைக் காட்டினார். ஆறு மணி ஷிப்டில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். 417 இல்லை. கூட வேலை பார்த்தவர்களுக்கும் அதே கான்டிராக்டர்தான் படியளக்கிறார். தங்கை உட்பட ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆகவே இந்தக் கதையின் கேள்வி சின்னது. கன்னியம்மா அன்று காலை வேலைக்கு வந்தாளா? வந்தாள் என்றால் அவள் வேலையில் அடிபட்டவள். வரவில்லை என்றால் கண்ட இடத்தில் கையை விட்டுக்கொண்டவள்.

3

இனிக் கொஞ்சம் கம்ப்யூட்டர் சமாசாரம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும் அல்லவா, அதுபோல டிஸ்க்கில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு குறிப்பு உண்டு. கோப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்று அதில் இருக்கும். கரண்ட் திடீரென்று போனால் குறிப்புகள் குழம்பும். ரிப்பேர் புரோகிராம் சரிபார்ப்பது இந்தக் குறிப்புகளைத்தான். பாத்திரத்துக்குள் சோறா குழம்பா என்று அது எட்டிப் பார்ப்பதில்லை.

அன்று எட்டு முப்பத்தைந்துக்கு மறுபடி கரண்ட் போய் டிஸ்க் கெட்டது. அந்த நேரம் டிஸ்க் தன் குறிப்பில் பதிந்து வைத்திருந்த மணி 7:40. ஆனால் அன்றைய வருகைக் கோப்பு கடைசியாக எழுதப்பட்டது 7:58-க்கு. 7:40-ல் நின்றுபோன டிஸ்க்கில் 7:58-ல் எழுதிய கோப்பு எப்படி இருக்கும்? இது இனிமேல் பிறக்கப்போகிற கோப்பு, ஆகவே குப்பை என்று புரோகிராம் முடிவுகட்டி, குறிப்பை அழித்துவிட்டது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. இது முதல் பிழை. சந்தேகமானவற்றைப் போட்டுவைக்க 'தொலைந்து கிடைத்தவை' என்று ஒரு பெட்டி உண்டு. அதிலும் போடாமல் விட்டது இரண்டாவது பிழை.*

சர்ஃபராஸின் பதினோரு வரியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: நேரம் தப்பாக இருந்தால் நேரத்தைத் திருத்து, கோப்பைக் கொல்லாதே, சந்தேகம் தீரவில்லையா, பெட்டியில் போடு. மூன்று வாரத்தில் ஏற்றுக்கொண்டு நன்றி எழுதினார்கள். இனி உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி நடக்காது. கன்னியம்மாவுக்கு நடந்தது நடந்ததுதான்.

* அழிக்கும் முன் புரோகிராம் கேட்கத்தான் கேட்டது. ஆயிரம் கேள்வி கேட்கும் என்பதால் எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே சம்மதம் கொடுப்பது வழக்கம். "எல்லாத்துக்கும் எஸ்ஸுன்னு குட்த்துட்டேன் சார்," என்றான் சர்ஃபராஸ். "அந்த அம்மா வந்த டைமுக்கும் சேத்து." அன்று அவன் நாஷ்டாவைத் தொடவில்லை.

4

கம்ப்யூட்டர் ஏன் ஏழு இருபத்தைந்து என்றது? இதற்குத் துளசிராமன் என்று ஒரு பாத்திரம் தேவைப்படுகிறது.

டைம் ஆபீஸ் கிளார்க். கேட்டில் உட்கார்ந்திருப்பவர். கம்ப்யூட்டரின் பேட்டரி செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது. எழுப்பும்போதெல்லாம் தேதியும் மணியும் கேட்கும், அவர் டைப் செய்வார். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பதுவரை ராகு காலம். நல்லதோ கெட்டதோ, ராகு காலத்தில் துளசிராமன் எதையும் புதிதாகத் திறக்கமாட்டார். புது லெட்ஜரோ, ஊறுகாய் பாட்டிலோ, எதுவானாலும் சரி. மெஷினை எழுப்புவதும் ஒரு தொடக்கம்தானே? அதனால் எட்டு இருபதுக்குக் கரண்ட் வந்ததும் 7:25 என்று தட்டினார். ஒன்பது அடித்ததும் சரியான மணியை வைத்துவிடலாம் என்று நினைத்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். கம்ப்யூட்டர் 7:40-க்கு வந்து மறுபடி கரண்ட் போகும்வரை, அந்தக் கால் மணி நேரம் யாரும் வருகைக் கார்டு தேய்க்கவில்லை. எல்லோரும் பிரஸ் பக்கம் ஓடியிருந்தார்கள்.

[இந்தத் துளசிராமனை நம்ப முடிகிறதா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கம்ப்யூட்டரை ஏமாற்றினால் ராகு ஏமாந்துவிடுவான் என்று படித்த மனிதர் நினைப்பாரா? ஆனால் சர்ஃபராஸ் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்.]

"இன்னா சார், மணிய மாத்தி வச்சீங்களா?"

"ராவு காலத்துல எப்டிப்பா தொறக்கறது? ஒம்போதுக்கு மேல கரெக்ட் பண்ணிக்கலாம்னு இருந்தேன்."

"அதுக்குள்ள போச்சே சார்."

"அடிபட்டதே ராவு காலத்துலதான்பா," என்றார் துளசிராமன், ஏதோ தன் பக்கம் நியாயம் இருப்பதுபோல.

அவர் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லவேண்டும். கோப்பு அழிந்த அன்று மத்தியானம், கான்டிராக்டர் பக்கத்தில் நின்று பெயர் பெயராகச் சொல்ல, துளசிராமன் புதுப் பட்டியல் டைப் செய்தார். முப்பத்தெட்டுப் பெயரோடு கான்டிராக்டர் நிறுத்திக்கொண்டார். துளசிராமனும் நிறுத்திக்கொண்டார். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போனது.

5 (தொலைந்து கிடைத்தவை)

கதையில் இடம் கிடைக்காத வாக்கியங்களை இங்கே போட்டுவைக்கிறேன்.

கன்னியம்மா இப்போது இடது கையால் தலை வாரக் கற்றுக்கொண்டு

சர்ஃபராஸ் அந்த டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்திருந்தான். ஜனவரியில் அதை அடிமுதல் நுனிவரை துழாவியதில், ஊர் பேர் இல்லாத ஒரு துண்டு அகப்பட்டது: 417, 05:52.

அந்தத் துண்டில் தேதி இல்லை. எந்த நாளுடையதாகவும் இருக்கலாம் என்கிறது கம்பெனி. அன்றைக்கு மணி மாற்றப்பட்டது என்று மாற்றியவரே எழுதிக் கொடுத்தால்தான், 7:58 கோப்பு அழிக்கப்பட்டதாகச் சொல்லும் ரிப்பேர் பதிவும் இந்தத் துண்டும் ஒன்றோடொன்று பொருந்தும்.

எழுதிக் கொடுத்தால் துளசிராமனுக்கு வேலை போகும். இதில் சந்தேகமே

6

முடிவுகள்.

(அ) கம்பெனி மனம் மாறுகிறது. [சிரிக்காதீர்கள்.]

(ஆ) சர்ஃபராஸுக்குச் சென்னையில் பெரிய வேலை கிடைக்கிறது. கதை அவனோடு ரயிலேறிவிடுகிறது. நாகரிகமான முடிவுதான். ஆனால் இதில் கன்னியம்மா இல்லை. பொருந்தாததைத் தூக்கிவிட்டுக் கதையைச் சரிசெய்கிறேன். இதைத்தான் அந்தப் புரோகிராமும் செய்தது.

(இ) துளசிராமன் ஒருநாள் மனசாட்சி உறுத்த, தானே முன்வந்து

இதை எழுதும்போது கை நின்றுவிட்டது. துளசிராமன் என்பது நான் வைத்த பெயர். அந்த டைம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நான்தான். 7:25 என்று தட்டியது நான். முப்பத்தெட்டோடு நிறுத்தியதும் நான். நாலாம் பகுதியிலிருந்து 'அவர்' 'அவர்' என்று எழுதிவந்ததற்கு வெட்கப்படுகிறேன்.

போன வாரம் கன்னியம்மா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நான் வந்தேன்னு மட்டும் சொல்லுங்க சார், அத்தோட உட்டுர்றேன். அன்னிக்கி காலைல கேட்டுல உள்ள வரச்சொல்ல 'இன்னா கன்னியம்மா, இன்னிக்கி பஸ்ஸு சீக்கிரமா வந்துடுச்சா'ன்னு நீங்கதான கேட்டீங்க? மறந்துட்டீங்களா?"

நான் மறக்கவில்லை. ஆனால் "ஞாபகம் இல்லம்மா" என்று சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையால் வலது கையை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

7

இன்று 2009 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை. திருவள்ளூரில் பதினோரு மணிக்குக் கன்னியம்மாவின் நஷ்டஈட்டு விசாரணை. மேஜையில், மணியை மாற்றியதை ஒப்புக்கொள்ளும் ஆறு வரிக் கடிதம் இருக்கிறது. எழுதியது நான்தான், நேற்று, நல்ல நேரம் பார்த்து. கையெழுத்து மட்டும் பாக்கி.

வாசலில் சர்ஃபராஸ் வண்டியோடு நிற்கிறான். பின்னால் கன்னியம்மா உட்கார்ந்திருக்கிறாள்.

"சார், எட்டரைக்குக் கெளம்புனாதான் போய்ச் சேர முடியும். அந்த ரோடு தெரியுமில்ல?"

"ஒம்போது அடிக்கட்டும்பா. போட்டுக் குடுத்துர்றேன்."

"அப்ப வாணாம் சார்," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நாங்க வெறுங்கையோட போறோம்."

போவதாகச் சொன்னானே தவிர வண்டியை இன்னும் கிளப்பவில்லை. எட்டரைவரை நிற்பான் போலிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. ராகுவை நினைத்தா, வேலையை நினைத்தா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பயத்தை மறைக்கத்தான் உள்ளே வந்து உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சுவர்க் கடிகாரத்தில் எட்டு இருபது. சரியான மணிதான்; நான் அதைத் தொடவில்லை. கடிதம் இடது பக்கம் இருக்கிறது, இந்தக் கதை வலது பக்கம். வீட்டில் எழுதுகிற பேனா ஒன்றுதான் இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்வரை கடிதத்தில் கையெழுத்துப் போட முடியாது. ஆகவே முடிவை உங்களிடம் விட்டுவிட்டு நான்