ஆளுக்குப் பாதி

பச்சையம்மா மீன் அரியும் கத்தியைச் சோப்பு போட்டுக் கழுவி, துணியில் துடைத்து, மாத்திரையின் நடுவில் வைத்து அழுத்துவாள். ஒரு பாதி புருசன் பொன்னுரங்கத்துக்கு, இன்னொரு பாதி தம்பி திலீப்புக்கு. காலையில் டீத்தண்ணிக்கு முன்னால் நடக்கிற வேலை இது. இதில் ஒரு தப்பு இருக்கும் என்று அவள் கனவில்கூட நினைத்ததில்லை.

எப்படி நினைப்பாள்? காசிமேட்டில் படகு கரை சேர்ந்தால் மீன் வித்த காசில் ஆளாளுக்குப் பங்கு. காய்ச்சல் வந்து வீட்டில் சுருண்டு கிடக்கிறவனுக்கும் பங்கு போகும். போகவில்லை என்றால் அந்தப் படகுக்காரனை ஒருத்தரும் மனுசனாக மதிக்க மாட்டார்கள். மீனுக்கே அப்படி என்றால் உயிர் காக்கிற மருந்துக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

மாமனும் மச்சானும் ஒரே படகு. ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்தவர்கள். பாழாய்ப்போன டிபியும் ரெண்டு பேருக்கும் சேர்ந்தே வந்தது. அதுவும் சர்க்கார் மாத்திரைக்கு மசியாத டிபி. சுனாமிக்கு அடுத்த வருசம், ராயபுரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வெளிநாட்டுக் கம்பெனியின் புது மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ரெண்டு பேரையும் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினாள். பொன்னுரங்கத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். திலீப்புக்குக் கல்லீரல் கெட்டுப்போயிருக்கிறது, ஆராய்ச்சி விதிப்படி சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குடிச்சவன்தான், யார் இல்லை என்றது? அதுக்காகச் சாக விட்டுவிடுவதா? தாயில்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்கு அது முடியுமா?

ஆரம்பத்தில் ரெண்டு பேருக்கும் இருமல் அடங்கியது, பசி எடுத்தது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்கிற கதையாகிவிட்டது. ஒரு நாள் பொன்னுரங்கம் துப்பியதில் ரத்தம் இருந்தது. அன்றைக்கு ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்கிற டாக்டர் வேதமாணிக்கம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆராய்ச்சியை இங்க நிறுத்தப் போறாங்கம்மா. மத்த ஊர்ல மாத்திரை நல்லா கேக்குது. உங்க குப்பத்து ஆளுங்களுக்கு மட்டும் கேக்கல. ஏன்னு எனக்கும் புரியல."

"அப்போ மாத்திரை?"

"அது இனிமே வராது. கடையிலயும் கிடைக்காது."

ஏன் கேட்கவில்லை என்பது பச்சையம்மாவுக்குத் தெரியும். அவள் வீட்டில் மட்டுமா பங்கு? குப்பத்தில் இந்த மாத்திரை வாங்குகிற எல்லா வீட்டிலும் பங்குதான், குழாயடியில் பேசிக்கொள்கிற சமாச்சாரம். வாயைத் திறந்தால் திலீப்பின் பாதி போச்சு, புருசனையும் வெளியே தள்ளலாம், ஊரே தன் மேல் மண்ணை வாரித் தூற்றும். திறக்காவிட்டால் ஒருத்தனுக்கும் மருந்து இல்லை. தெய்வமே, இப்படி ஒரு கேடுகெட்ட கணக்கை எந்தப் பொம்பளை தலையிலும் கட்டாதே என்று நெஞ்சுக்குள் கதறினாள்.

"சார், மாத்திரை மேல தப்பு இல்ல. நீங்க ஒருத்தனுக்குக் குடுக்குறத நாங்கோ வூட்டுக்கு ரெண்டு பேரு துன்றோம்."

டாக்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒருத்தர்தான் சாப்பிடணும்னு கையெழுத்து வாங்கறப்பவே சொன்னோமே?" என்றார்.

"சொன்னீங்கோ. ஏன்னு சொல்லலியே சார். புரிஞ்சுதான்னு கேட்டீங்கோ, புரிஞ்சுதுன்னு சொன்னோம். டாக்டராண்ட போயி புரியலன்னு யாரு சொல்லுவா? அப்பால மாத்திரைய நிறுத்திட்டீங்கன்னா இன்னா பண்றது?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. பாதி மாத்திரையில் கிருமி சாகாது, மருந்தைப் பழகிக்கொள்ளும், அப்புறம் முழுசாகக் கொடுத்தாலும் கேட்காது, ரெண்டு பேரும் போய்விடுவார்கள் என்று நிதானமாகச் சொன்னார். இப்போது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. முன்னாலேயே இப்படி ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

"அப்போ என் தம்பிக்கும் முழுசா குடுங்கோ சார். உங்க கால்ல வேணா வுழறேன்."

"கேட்டேம்மா. அவரைத் திருப்பி அனுப்பின அன்னைக்கே கம்பெனிக்கு எழுதினேன். முடியாதுன்னுட்டாங்க. மறுபடியும் எழுதறேன். ஆனா நம்பிக்கிட்டு இருக்காதீங்க."

அவர் போராடியதில் ஆராய்ச்சி நிற்கவில்லை. பொன்னுரங்கத்தையும் தள்ளவில்லை. திலீப்புக்கு மட்டும் மறுபடியும் முடியாது என்றுவிட்டார்கள். ஆனால் இனி வீட்டுக்கு மாத்திரை கிடையாது. தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து லூர்து சிஸ்டர் முன்னால் விழுங்க வேண்டும். குப்பத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் அதே சட்டம். போட்டுக் கொடுத்தவள் அவள்தான் என்று தெரிந்து, தண்ணி பிடிக்கப் போன பச்சையம்மாவுக்கு யாரும் வழி விடவில்லை.

இனி அவனுக்குப் பாதி கிடையாது என்று திலீப்பிடம் அவளேதான் சொன்னாள். "சரிக்கா," என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

முதல் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்த பொன்னுரங்கம் யாரோடும் பேசவில்லை. நேராகத் திலீப்பின் பாய்க்குப் போய்க் குந்தினான். வாய்க்குள் விரலை விட்டு, கன்னத்து இடுக்கிலிருந்து மாத்திரையை எடுத்தான். எச்சிலில் நனைந்து, ஓரம் கரைந்திருந்தது.

"இத பாதியாக்கு புள்ள."

பச்சையம்மாவுக்கு ஒரு நொடி சந்தோசம்தான் வந்தது. அந்தச் சந்தோசத்தைப் பார்த்துத்தான் அவளுக்குக் குலை நடுங்கியது. மாத்திரையை வாங்கிப் புருசன் உதட்டுக்கு நேரே நீட்டினாள்.

"வாயத் தொற."

"அவன் என் மச்சான்டி."

"எனுக்குத் தம்பி. தொறய்யா."

அவன் குழந்தை மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினான். "உன்னயும் வாரிக் குடுத்துட்டு நான் இன்னாய்யா செய்வேன்," என்று அழுதாள்.

திலீப் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ரெண்டு அடி வைப்பதற்குள் இருமல் மடக்கியது. நின்று, மூச்சு வாங்கி, குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணி மொண்டு வந்து மாமன் கையில் கொடுத்தான்.

"முழுங்கு மாமா. அவ எத்தினி பேருக்கு அழுவா?"

பொன்னுரங்கம் விழுங்கினான்.

"நாக்கத் தூக்கிக் காட்டு," என்றான் திலீப். குனிந்து மாமன் வாய்க்குள் நன்றாகப் பார்த்தான். ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகுதான் போய்ப் படுத்தான்.