சங்கு ஊதினால் பதுங்கும் சாமான்கள்

இருங்காட்டுக்கோட்டையில் பகல் இரண்டு மணி ஷிப்ட் சங்கு ஊதினால், இரண்டாம் உலகப்போரைப் பார்த்த சாமான் எதுவானாலும் ஊர்ந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் பதுங்கிக்கொள்ளும். குண்டு போட விமானம் வருகிறது என்று அவை நினைத்துக்கொள்கின்றன. போலிகள் வைத்த இடத்திலேயே கிடக்கும். இதை முதலில் கண்டவள் நாங்குநேரிப் பக்கமிருந்து வேலைக்கு வந்த இசக்கிசெல்வி. அலுமினிய உதிரிபாகம் வார்க்கும் கம்பெனியில் அவளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. நல்லதுக்குப் பச்சை ஸ்டிக்கர், கழிவுக்குச் சிவப்பு. 2020இல், தம்பி ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த ராணுவத் திசைகாட்டி மேசையிலிருந்து இறங்கிப் போனதைப் பார்த்து, அதன்மேல் ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, நைட் ஷிப்ட் வாரம் என்பதால் மறுபடி படுத்துக்கொண்டாள். அடுத்த மூன்று வருடங்களில் கோயம்புத்தூரிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் அசலா போலியா என்று அவளிடம் கேட்டுக் கூரியரில் சாமான்கள் வந்து குவிந்தன. பத்தில் ஒன்பதுக்குச் சிவப்புதான். அவள் காந்தம் வைத்து இழுக்கிறாள் என்று ஒரு வியாபாரி வீடியோ போட்டார். தோல் பெல்ட்டைக் காந்தம் எப்படி இழுக்கும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அவளுக்கு அறை வாடகைக்கு விட்டிருந்த லூர்து மேரிக்குச் சொந்த ஊர் பென்னலூர். அவருடைய தாத்தா சவரிமுத்து பர்மா சண்டைக்குப் போனவர், திரும்பவில்லை. உடலும் வரவில்லை, ஓலையும் வரவில்லை. கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைகளுக்கு வெள்ளையடித்துப் பூப்போடும்போது, இந்தக் குடும்பம் மட்டும் கல்லறைத் தோட்டத்து மதில்மேல் மெழுகுவத்தி வைக்கும். ஜெபம் முடிவதற்குள் காற்று அணைத்துவிடும். ஒரு கல்லறையாவது கட்டு என்று கேட்டபடியே லூர்து மேரியின் அப்பா கண்ணை மூடினார். 2023இல் லூர்து மேரி போனில், போர்ச் சாமான் சேகரிப்பவர்களின் குழுவொன்றில், பென்னலூர் சவரிமுத்துவின் சாமான் யாரிடமாவது இருக்கிறதா என்று வெள்ளந்தியாகக் கேட்டு எழுதினார். ஒரே வாரத்தில் ஆறு பேரிடம் இருந்தது. தட்டு, தண்ணீர்க் குப்பி, பெல்ட் கொக்கி, எல்லாவற்றிலும் சவரிமுத்து பெயர். லூர்து மேரி அழுது சிரித்து, பங்குச் சாமியாரிடம் சொல்லி, அவற்றைப் புதைக்கக் குழிக்கு இடமும் வாங்கிவிட்டார்.

பிறகுதான் இசக்கிசெல்வி அவற்றைப் பார்த்தாள். சிவப்பு ஸ்டிக்கரை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. அவ்வளவு பாவமாக இருந்தது.

“யக்கா, இது மோல்டுல அடிச்சதுல்லா. அச்சுலேந்து வெளிய எடுக்க பின்னு தள்ளுன தடம் வட்டமா தெரியுது பாருங்க. நான் தெனமும் பாக்கது.”

“தாத்தா பேரு கீதே, செல்வி.”

“பின்கோடும் இருக்குக்கா. உங்க தாத்தா காலத்துல ஏது பின்கோடு?”

சங்கு ஊதியது. ஆறும் அசையவில்லை. லூர்து மேரி தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது கிழிந்த பார்சல் காகிதத்துக்குள்ளிருந்து, இலவசமாக ஒரு வியாபாரி போட்டனுப்பிய வளைந்த கரண்டி ஒன்று வெளியே வந்து, விறுவிறுவென்று கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அதில் பெயர் எதுவும் இல்லை. அது நடுங்கும் சத்தம் தரையில் கடகடவென்று கேட்டது. முட்டிவலிக்காரரான லூர்து மேரி குப்புறப் படுத்துக் கையை நீட்டினார்.

“வெளிய வாப்பா. சண்டை முடிஞ்சி எத்தினியோ வருசமாச்சி. உன்ன யாரும் ஒண்ணியும் பண்ண மாட்டாங்க.”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அது வந்து அவர் உள்ளங்கையில் ஏறியது.

“இது உங்க தாத்தாவுக்குள்ளதுன்னு என்னால சொல்ல முடியாதுக்கா,” என்றாள் இசக்கிசெல்வி. “ஆனா அசலு.”

“யார் வூட்டுப் புள்ளையோ,” என்றார் லூர்து மேரி. “அவங்க வூட்லயும் தேடிக்கினுதான இருப்பாங்க.”

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, வாங்கிய குழியில் கரண்டியை வைத்தார்கள். சவரிமுத்து என்று எழுதலாமா என்று சாமியார் கேட்டார். பொய்ப் பெயர் ஆறு பார்த்தாகிவிட்டது, போதும் என்று லூர்து மேரி சொல்லிவிட்டார். பர்மாவில் யாரோ ஒருத்தி சவரிமுத்துவின் பொத்தானை இதேபோல் புதைத்திருப்பாள் என்று அவர் நம்பினார். நம்பியதும் மனம் லேசானது. சிலுவையில் இன்றும் பெயர் இல்லை. ஆள் திரும்பாத வீட்டுக்காரர்கள் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்தெல்லாம் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து அங்கே மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். போன வருடம் கூட்டம் அதிகம். லூர்து மேரி தன் மெழுகுவத்தியை வரிசையில் நின்றுதான் வைத்தார்.